வந்து வந்து போகும் கோளாறு

வெயிலில் நின்ற கார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது; எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் எந்தத் தகராறும் இல்லாமல் கிளம்பிவிடுகிறது. 1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களை அமெரிக்காவில் வைத்திருந்தவர்களுக்கு இது நன்கு பழகிய தொல்லை. ஃபியூயல் பம்ப்பை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்றியவர்களும் உண்டு. கோளாறு இருந்ததோ டாஷ்போர்டுக்கு அடியில், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பெட்டியில்.

அதன் பெயர் மெயின் ரிலே. ஒரே பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள். ஒன்று எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் தரும்; மற்றொன்று ஃபியூயல் பம்ப்புக்குத் தரும். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்ப் ஓடும் ஓசை. கார் அடம்பிடிக்கும் நேரத்தில் அந்த ரீங்காரம் கேட்காது. பெட்டியைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ரிலேயின் பின்கள் பலகையில் பற்றவைக்கப்பட்ட இடத்தில் மயிரிழை அளவில் வட்டமாக ஒரு விரிசல் தெரியும். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அந்த இடங்களை மறுபடி பற்றவைத்தால் வேலை முடிந்தது.

விரிசல் எப்படி வந்தது? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில் நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுலோகம் 183 டிகிரியில் உருகும். கெல்வின் கணக்கில் பார்த்தால், 69 டிகிரியில் அது தன் உருகுநிலையின் முக்கால் பங்கை எட்டிவிட்டது. இரும்பை அதே விகிதத்துக்குச் சூடாக்க வேண்டுமென்றால் 1,080 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்த நிலையில் இரும்பு எவ்வளவு இளகிக் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் இருக்கும் பற்றுகள் கோடையில் ஏறக்குறைய அந்த நிலையில்தான் வாழ்கின்றன. பலகை ஒரு அளவில் விரிகிறது, உலோகப் பின் வேறொரு அளவில் விரிகிறது. இடையில் மாட்டிக்கொண்ட பற்று பகலில் இழுபட்டு, இரவில் அமுக்கப்பட்டு, சில ஆண்டுகளில் களைத்து வெடிக்கிறது. வெடித்த பின்பும் இரு முகங்களும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மின்சாரமும் போகும். சூட்டில் சற்றே விலகும்போது மட்டும் நின்றுபோகும்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. வந்து வந்து போகும் கோளாறு தன் இஷ்டத்துக்கு வருவதில்லை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சூடு, அதிர்வு, ஈரம், மின்பளு. இந்த நான்கில் ஒன்றோ இரண்டோ கூடும்போதுதான் அது தலைகாட்டும். நிபந்தனையைக் கண்டுபிடித்தவர் கோளாற்றின் பாதியைக் கண்டுபிடித்துவிட்டார். அதைத் தேடாமல், காரின் சிறு கம்ப்யூட்டர்களில் ஒன்றைக் காட்டி, "மாட்யூல் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று தொடங்குபவர் உங்கள் காசில் சூதாடுகிறார்.

அதனால் வீட்டில் இந்த வேலையைத் தொடங்குகிறவருக்கு முதல் கருவி ஸ்கேனர் அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். ஏசி ஓடியதா, மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று, வேகத்தடையில் ஏறியபோதா, இடப்பக்கம் திருப்பியபோதா, எஞ்சின் சூடேறிய பிறகா, மீட்டர் போர்டில் எந்தெந்த விளக்குகள் ஒன்றாக எரிந்தன என்பதையெல்லாம் அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். ஒன்றாக எரிந்த விளக்குகள் மிக முக்கியம். ஏபிஎஸ் விளக்கும் பவர் ஸ்டீயரிங் விளக்கும் ஒரே நொடியில் எரிந்தால், இரண்டு மாட்யூல்களும் ஒரே நேரத்தில் கெட்டன என்று நம்புவதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒரு ஃபியூஸோ, எர்த்தோ, வயர்களை இணைக்கும் கப்ளரோ விட்டுப்போனது என்று நம்புவதே அறிவுக்குப் பொருந்தும்.

இன்றைய காரில் இந்த மாட்யூல்கள் ஏராளம். எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவு, விளக்கு, வைப்பருக்கெல்லாம் சேர்த்து பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்று ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் தனித்தனி வயர் இழுத்தால் வயரிங்கின் எடையும் விலையும் தாங்காது என்பதால், ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983-ல் ஒரு பொது வழியை உருவாக்கத் தொடங்கி, 1986-ல் டெட்ராய்ட்டில் நடந்த பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டது. கேன் என்று பெயர் பெற்ற அந்த முறை 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஏறியது. இன்று நம் ஊர்த் தெருவில் ஓடும் சிறிய காரிலும் அதுதான்.

கேன் என்பது முறுக்கப்பட்ட இரண்டே வயர்கள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். ஒரு மாட்யூல் பேசும்போது ஒரு வயர் 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டு வயரையும் சம அளவில் பாதிப்பதால், வித்தியாசத்தை மட்டும் படிக்கும் மாட்யூலுக்கு அந்த இரைச்சல் கேட்பதே இல்லை. எஞ்சின் பக்கத்து வழித்தடத்தில் பொதுவாக விநாடிக்கு 5 லட்சம் பிட்கள் ஓடுகின்றன. ஒரு கப்ளர் 10 மில்லிவிநாடி மட்டும் விட்டுவிட்டுப் பிடித்தால்கூட அதற்குள் 5,000 பிட்கள் தொலைந்துவிடும். மனிதக் கண்ணுக்கும் சாதாரண மல்டிமீட்டருக்கும் அந்த இடைவெளி நடந்ததே தெரியாது.

இந்த முறையை வடிவமைத்தவர்கள் ஓர் ஒழுங்கையும் சேர்த்து வைத்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒவ்வொரு மாட்யூலும் தன் பிழைகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. அனுப்பும் செய்தி பிழையானால் கணக்கில் 8 கூடும்; சரியாகப் போனால் 1 குறையும். கணக்கு 255-ஐத் தாண்டினால் அந்த மாட்யூல் பொது வழியிலிருந்து தானே விலகி வாய்மூடிவிடும். தொடர்ந்து 32 பிழைகள் போதும். தன் கோளாறால் மற்றவர்களின் பேச்சு கெடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஓட்டுநருக்கோ, ஓடிக்கொண்டிருந்த ஸ்பீடோமீட்டர் முள் திடீரென விழுவதும் சற்று நேரத்தில் எழுவதும் மட்டுமே தெரியும்.

இப்போது ஸ்கேனருக்கு வருவோம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும், கோளாறுகளைத் தானே பதிவுசெய்யும் ஓபிடி-2 முறை கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-ல் அதன் முதல் கட்டமும், 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகளோடு இருக்கும் சாக்கெட் அதற்கானதுதான். போனோடு இணையும் மலிவான ப்ளூடூத் அடாப்டர்கள் பெரும்பாலும் எஞ்சின் மாட்யூலோடு மட்டும் பேசும். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி மாட்யூல்களைப் படிக்க அந்தந்த கார் நிறுவனத்துக்கு ஏற்ற ஸ்கேனரோ செயலியோ வேண்டும். வந்து போகும் கோளாற்றுக்கு இந்த வித்தியாசம் பெரிது. எஞ்சின் மாட்யூலில் ஒன்றுமில்லை என்பதால் காரில் ஒன்றுமில்லை என்றாகாது.

ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளில், அதாவது கோடுகளில், யு என்ற எழுத்தில் தொடங்குபவை பேச்சுவார்த்தை அறுந்ததைச் சொல்பவை. யு0100 என்றால் எஞ்சின் மாட்யூலோடு தொடர்பு போயிற்று. யு0121 என்றால் ஏபிஎஸ்ஸோடு. யு0140 என்றால் பாடி மாட்யூலோடு. இவற்றைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கோடு எந்த மாட்யூலில் பதிவாகியிருக்கிறதோ அதுதான் கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்புக்கு வராத மாணவன் தான் வரவில்லை என்று எழுதிவைப்பதில்லை, வந்தவர்கள்தான் சொல்வார்கள். எஞ்சின், ஏர்பேக், மீட்டர் போர்டு மூன்றும் யு0121 என்று பதிவு செய்திருந்தால், மூன்றும் நலமாக இருக்கின்றன. பார்க்க வேண்டியது ஏபிஎஸ் மாட்யூலுக்குப் போகும் மின்சாரம், எர்த், இரண்டு கேன் வயர்கள். எல்லோரும் எல்லோரையும் பற்றிப் புகார் சொன்னால், பொது வழியையோ பேட்டரியையோ பார்க்க வேண்டும்.

எந்தக் கோடையும் அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு, சில கார்களில் வோல்டேஜ் எவ்வளவு என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவு சேமித்து வைத்திருக்கும். "அழிச்சிட்டுப் பார்ப்போம், திரும்ப வந்தா பார்த்துக்கலாம்" என்பது நம் பணிமனைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. எப்போதாவது வரும் கோளாற்றில் இது செய்யக்கூடாத முதல் காரியம். மாதம் ஒருமுறை தலைகாட்டும் கோளாறு விட்டுச்சென்ற ஒரே தடயத்தை ஒரு பொத்தானில் அழித்துவிட்டு, அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

அடுத்து பேட்டரி. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மர்மமான மாட்யூல் கோளாறுகள் பலவற்றின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. இரவெல்லாம் ஓய்ந்து நின்ற பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். 12-க்கு வந்துவிட்டால் பெரும்பாலும் வற்றிப்போனது. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை. செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு நொடியில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ அதன் கேபிள்களையோ சந்தேகிக்கலாம். அந்த நொடியில் சில மாட்யூல்கள் வோல்டேஜ் போதாமல் அணைந்து எழும். எழுந்ததும் ஒன்றையொன்று காணவில்லை என்று கோடு எழுதும். காலையில் மட்டும் விளக்குகள் வரிசையாக எரிந்து, பிறகு அணைந்துவிடும் வண்டிகளில் பலவற்றுக்கு வேறு வைத்தியம் தேவைப்படாது.

பேட்டரி நன்றாக இருந்தும் அது தரும் மின்சாரம் மாட்யூலுக்கு முழுதாகப் போய்ச் சேர்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தரும் சோதனை வோல்டேஜ் டிராப். வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் அறியேன். சாதாரண மல்டிமீட்டரும் பொறுமையும் போதும்.

முதலில், வேறு எது உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து 'பீப்' சத்தம் கேட்டால் வயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். 19 இழைகள் உள்ள வயரில் 18 அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அந்தச் சோதனைக்கு அது அனுப்பும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. ஓம் அளப்பதும் இங்கே போதாது. ஒரு பாடி எர்த் கேபிளின் முனையில் துரு ஏறி 0.02 ஓம் தடை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரின் ப்ரோப் வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. அதில் இது தெரியவே தெரியாது. ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.02 ஓம் 3 வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரியில் 10.5 இருக்கும்போது மறுபக்கம் 7.5-தான் மிஞ்சும். ஓம் விதியை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் இடம் பள்ளிப் பாடத்தில்கூட இல்லை.

எனவே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு ப்ரோப்பைப் பேட்டரியின் மைனஸ் முனைமேல் வையுங்கள். சிவப்பு ப்ரோப்பை மாட்யூலின் எர்த் பின்னில், கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்துத் தொடுங்கள். ஹெட்லைட், ஏசி ப்ளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டர் காட்டும் எண், அந்த எர்த் வழியில் தொலைந்துபோகும் வோல்டேஜ். மாட்யூலின் எர்த்தில் அது 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மறுபடி அளவெடுங்கள். இதே சோதனையைப் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் மாட்யூலின் மின்வரவுப் பின்னுக்கும் இடையிலும் செய்ய வேண்டும். ஃபியூஸ் பெட்டியும் ரிலேயும் அந்த வழியில்தான் இருக்கின்றன.

மாட்யூலைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதிக்கும்போது மின்பளுவுக்கு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு போதும். மாட்யூலின் பவர் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே அதை மாட்டினால் ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுத்துப் பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினாலோ, வயரை அசைக்கும்போது கண் சிமிட்டினாலோ கோளாறு அந்த வழியில்தான். மீட்டரில் 12 வோல்ட் காட்டிய வயர் பல்பைக் கண்டதும் சுருண்டுவிடுவதைப் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் நன்றாக அறிவார்கள். டெஸ்ட் லேம்பை அவர்கள் இன்னும் கைவிடாததற்குக் காரணம் உண்டு. ஒரு எச்சரிக்கை: அந்தப் பல்பை மாட்யூலின் சிக்னல் வயரிலோ கேன் வயரிலோ, ஏர்பேக் வயரிலோ ஒருபோதும் வைக்கக்கூடாது.

கேன் வயர்களுக்கு வேறு சோதனை. வழித்தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் நடுவில் எங்கு அளந்தாலும் 60 ஓம் வர வேண்டும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் கழித்து, ஓபிடி சாக்கெட்டின் 6-ஆம் துளைக்கும் 14-ஆம் துளைக்கும் இடையே ஓம் பாருங்கள். 60 என்றால் நலம். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் என்றால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில கார்களில் சாக்கெட்டுக்கும் உள்வழித்தடத்துக்கும் நடுவே கேட்வே மாட்யூல் ஒன்று இருப்பதால் இந்த எண் மாறலாம். அந்தக் காரின் வயரிங் படத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். 60 காட்டியதும் விட்டுவிடவும் வேண்டாம். மீட்டரைப் பார்த்தபடியே வயரிங்கைப் பகுதி பகுதியாக அசையுங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது 60 துள்ளுகிறதோ அந்த இடம்தான்.

கப்ளர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். பெரும்பாலான பின்கள் வெள்ளீயம் பூசியவை. வெள்ளீயத்தின்மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். கப்ளரை மாட்டும்போது அது உடைந்து உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும். வண்டி அதிரும்போதும் சூடு ஏறி இறங்கும்போதும் பின்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, சில பங்கு என்று இடையறாது உராய்கின்றன. ஒவ்வொரு உராய்விலும் புதிய உலோகம் வெளிப்பட்டு ஆக்சைடாகி, கறுப்புத் தூளாகக் குவிந்து, தொடுபுள்ளியையே மூடிவிடும். கப்ளரைக் கழற்றி மாட்டினால் அந்தத் தூள் விலகிக் கோளாறு மறைந்துவிடும். மாட்யூலை மாற்றியதும் வண்டி சரியானதாகச் சொல்லப்படும் கதைகள் சிலவற்றில் உண்மையில் குணமாக்கியது இந்தக் கழற்றி மாட்டியதுதான்; சில மாதத்தில் அதே கோளாறு திரும்பி வரும்போது புதிய மாட்யூலின்மேல் பழி விழும். கழற்றும்போது பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். தளர்ந்த பெண் பின்னை உரிய கருவியால் இறுக்கவோ மாற்றவோ வேண்டும். மீட்டரின் தடித்த ப்ரோப்பை முன்பக்கத்திலிருந்து திணித்துச் சோதிப்பவர்களே பல கப்ளர்களைத் தளர்த்திவிடுகிறார்கள். ஒரு கோளாற்றைத் தேடப்போய் இன்னொன்றை விதைத்துவிட்டு வருவது அது.

ஈரத்தின் கதை நமக்கு நெருக்கமானது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. கம்பளம் காய்ந்து, எஞ்சின் கிளம்பி, வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் சீட்டுக்கு அடியிலும் கதவோரத்திலும் ஓடும் வயரிங்கின் கப்ளர்களில் நீர் தங்கியிருக்கும். மின்னழுத்தம் உள்ள பின்னிலிருந்து செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகப் பூக்கும். இது மாதக்கணக்கில் மெல்ல நடக்கும் வேதிவினை. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில் நீர் தானாகவே ஏறிச்செல்வதால், நனைந்த இடம் ஒன்றாகவும் கெட்டுப்போகும் மாட்யூல் வேறொன்றாகவும் இருக்கக்கூடும். பழைய கார் வாங்குகிறவர்கள் முன்சீட்டுக்கு அடியிலுள்ள ஒரு கப்ளரையாவது கழற்றிப் பார்க்கச் சொல்வது நல்லது. அது ஏர்பேக்குக்கான மஞ்சள் கப்ளராக மட்டும் இருக்கக்கூடாது. கடலோரக் காற்றின் உப்பும், வயரைக் கடிக்கும் எலியும் இதே வரிசையில் வருபவை.

கதவின் கீல் பக்கம் உள்ள கறுப்பு ரப்பர் குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதனுள் செல்லும் வயர்கள் வளைகின்றன. ஆண்டுகள் போகப் போக மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு முறிந்துவிடும். பவர் விண்டோவோ சென்ட்ரல் லாக்கோ கதவு பாதி திறந்திருக்கும்போது மட்டும் வேலை செய்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ரப்பரை விலக்கி ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். முறிந்தது மட்டும் ரப்பரைப் போல நீளும். வீல் ஸ்பீடு சென்சாரின் வயருக்கும் இதே விதிதான். ஸ்டீயரிங் திருப்பும்போதும் சக்கரம் ஏறி இறங்கும்போதும் அது வளைகிறது. இன்னொருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் கோட்டுப்படமாகப் பாருங்கள். மூன்று 40-ல் ஓடும்போது ஒன்று மட்டும் கணநேரம் பூஜ்யத்துக்கு விழுந்தால் இடம் தெரிந்துவிட்டது.

இப்படியும் பிடிபடவில்லையென்றால் கோளாற்றை வரவழைக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் எந்த நிபந்தனையைச் சொல்கிறதோ அதை நாமே உண்டாக்குவது. சூடு என்றால் முடி உலர்த்தும் டிரையர். பிளாஸ்டிக் உருகாத தூரத்தில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் சூடாக்க வேண்டும். கோளாறு வந்ததும் அதே இடத்தில் துணி சுற்றிய ஐஸ் பையை வைத்துக் குளிர்வித்தால் மறைகிறதா? மறைந்தால் ஐயம் தீர்ந்தது. ஈரம் என்றால் செடிக்கு அடிக்கும் நீர்த்தெளிப்பான். அதிர்வு என்றால் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுவது. மல்டிமீட்டரில் மின்-மாக்ஸ் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள்; நாம் பார்க்காத நேரத்தில் விழுந்த வோல்டேஜையும் அது பிடித்து வைத்திருக்கும். மிகக் குறுகிய துள்ளல்களை அதுவும் தவறவிடும். அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். கணினியில் மாட்டும் சிறிய ஆசிலோஸ்கோப்களை இப்போது வீட்டு ஆர்வலர்களும் வாங்குகிறார்கள்.

மாட்யூலே கெட்டுப்போவதும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஃபோர்டு நிறுவனம் 1980-களில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியது. எஞ்சின் சூடு அதில் ஏறும், ஓடும் வண்டி அணையும், ஆறினால் கிளம்பும். மேசையில் குளிர்ந்த நிலையில் சோதித்தால் மாட்யூல் தேறிவிடும். வழக்கு கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போய், அந்த மாநிலத்தில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப்பெறும்படி 2000-ல் நீதிபதி உத்தரவிட்டார். மறு ஆண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தானாகச் சீறிப் பாய்வதாகப் புகார் எழுந்த டொயோட்டா கார்கள் பற்றி 2011-ல் முடிவு வெளியான விசாரணையில், நாசா பொறியாளர்கள் கோளாறான ஓர் ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரைப் பிரித்தபோது, வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக முளைத்த, தலைமுடியைவிட மெல்லிய உலோக இழை ஒன்று இரண்டு சிக்னல்களை இணைத்திருந்ததைக் கண்டார்கள். கார்கள் தானாகச் சீறிப் பாய்ந்ததற்கு மின்னணுக் காரணம் எதையும் அந்த விசாரணை நிறுவவில்லை. ஆனால் அந்த இழை, வந்து போகும் கோளாறு எவ்வளவு நுண்ணியதாக இருக்க முடியும் என்பதற்குச் சான்று.

மாட்யூலைக் குற்றம் சொல்ல ஒரே ஒரு நியாயமான வழிதான் உண்டு. கோளாறு இருக்கும் அந்த நேரத்தில், மாட்யூலின் கப்ளரிலேயே அளந்து, பவர், எர்த், கேன் மூன்றும் சரியாக இருந்தும் அது பதில் சொல்லவில்லை என்று காட்ட வேண்டும். கோளாறு மறைந்த பிறகு அளப்பது எதையும் நிரூபிக்காது. இதைச் செய்யாமல் பழைய உதிரிபாகச் சந்தையில் மாட்யூல் வாங்கிப் பொருத்தினாலும் பல கார்களில் வேலை நடக்காது. இம்மொபிலைசர் சாவியோடு கம்ப்யூட்டர் பிணைக்கப்பட்டிருக்கும், கோடிங் செய்தால்தான் ஏற்றுக்கொள்ளும்.

வீட்டில் தொடக்கூடாதவை சில. மஞ்சள் கப்ளரும் மஞ்சள் உறையும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரை வைக்காதீர்கள், ஓம் பார்க்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே அதை வெடிக்கவைக்கக்கூடும். ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற கேபிள்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இருக்கிறது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். ஓட்டிக்கொண்டே ஸ்கேனரைப் பார்க்காதீர்கள். பிரேக், ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் கோளாறு மறுபடி வரட்டும் என்று காத்திருக்கும் பேச்சே வேண்டாம்.

பணிமனைக்குப் போவதென்றால் நோட்டுப் புத்தகத்தையும் கோடுகளின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல மெக்கானிக் அவற்றைப் பார்த்து மகிழ்வார். தேடும் நேரத்தில் பாதி மிச்சமாகும். மாட்யூலை மாற்றச் சொன்னால், எங்கே, எப்போது, என்ன அளந்தீர்கள் அண்ணே என்று பணிவாகக் கேளுங்கள். கோளாறு இருந்தபோது எடுத்த வோல்டேஜ் அளவைக் காட்டினால் தயங்காமல் மாற்றுங்கள். காட்ட முடியாவிட்டால், மாற்றச் சம்மதிக்காதீர்கள்.